ஹோக்டோர் முகட்டின் இளஞ்சிவப்பு மெத்தைச் செடி: இனங்காணலும் வாழிடமும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த சிகரமான குரோஸ்குளோக்னர் 3,798 மீட்டர் உயரமுடையது. அதன் அருகே கிழக்கு ஆல்ப்ஸைக் குறுக்காகக் கடக்கும் மலைச்சாலை 1935இல் திறக்கப்பட்டது. ஹோக்டோர் என்னும் கணவாயில் அது 2,504 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. மரங்கள் அங்கிருந்து வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. கணவாயின் இருபுறமும் எழும் முகடுகளில் ஜூலை மாதத்தில் தரையோடு ஒட்டிய பச்சைத் திண்டுகளும், அவற்றின் மேல் தண்டே தெரியாதபடி நெருங்கிப் பூத்த இளஞ்சிவப்பு மலர்களும் காணப்படும். ஒரே முகட்டில், ஒன்றுக்கொன்று நடந்து எட்டும் தொலைவில் இருந்த மூன்று திண்டுகளை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது. அவை எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்தவை, மூன்றும் ஒன்றுதானா, அவை வளரும் இடம் அந்த முடிவுக்கு எவ்வளவு தூரம் துணைநிற்கிறது என்பவையே கேள்விகள்.

முதல் திண்டு காற்று நேரடியாக அறையும் முகட்டு விளிம்பில், வெள்ளிபோல மினுங்கும் மைக்கா சிஸ்ட் என்னும் படலப்பாறையின் சில்லுகளுக்கு நடுவே இருந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியதாகவும் தளர்வாகவும் இருந்த அது முழுவதும் பூத்திருந்தது. இரண்டாவது, வெளிர்ப்பச்சை நிறக் குவார்ட்சைட் பாறைகளின் இடுக்கில் இருந்தது. அளவில் சிறியது, விரலால் அழுத்தினாலும் அமிழாத அளவுக்குக் கெட்டியானது, பூக்களும் சிறியவை. மூன்றாவது, இவ்விரு பாறைகளின் சில்லுகளும் சரிந்து கலந்து கிடந்த ஒரு சரிவில் இருந்தது. இப்பகுதி ஹோஹே டவுவர்ன் தேசியப் பூங்காவைச் சார்ந்தது. இங்கே செடியைப் பறிப்பதற்கோ பெயர்ப்பதற்கோ இடமில்லை. ஆகவே எல்லாப் பார்வைகளும் செடி இருந்த இடத்திலேயே, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸாலும், அளவுகோலுடன் எடுத்த அண்மைப் படங்களாலும் செய்யப்பட்டவை. மெத்தைச் செடிகளைப் பொறுத்தவரை இது ஒரு குறையே அல்ல என்பது என் கருத்து. பெயர்த்து உலர்த்திய திண்டில் காம்பின் நீளமும் திண்டின் இறுக்கமும் பாதி தொலைந்துபோகும். வேரடியில் கிடக்கும் கல்லோ முழுவதுமாகவே தொலைந்துபோகும்.

மெத்தை வடிவம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

திண்டுபோல் வளர்வது ஒரு குடும்பத்தின் அடையாளம் அன்று. கார்னேஷன் குடும்பம், பிரிமுலா குடும்பம், சாக்சிஃபிராகா குடும்பம், கடுகுக் குடும்பம், போராஜ் குடும்பம் என ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பல குடும்பங்களில் இவ்வடிவம் தனித்தனியே தோன்றியிருக்கிறது. காரணம் இடத்தின் கடுமை. ஒவ்வொரு கிளையும் ஒரே அளவில், மிக மெதுவாக, நுனியில் மட்டும் வளர்வதால் எல்லா நுனிகளும் சேர்ந்து ஒரே வழவழப்பான மேற்பரப்பை உருவாக்குகின்றன. அந்தப் பரப்பின் மேல் காற்று வழுக்கிச் செல்கிறது. உள்ளே கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. காற்றின்றி வெயில் அடிக்கும் நண்பகலில் திண்டின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றைவிடப் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேலும் உயரக்கூடும். ஒளிச்சேர்க்கைக்கும், விதை முற்றுவதற்கும், குறுகிய கோடையில் இந்த வேறுபாடே வாழ்வை முடிவுசெய்கிறது. உதிராத பழைய இலைகள் உள்ளேயே மக்கி, ஈரத்தையும் சத்தையும் பிடித்துவைக்கும் ஒரு சிறு மண்ணாகின்றன. அடியில் ஆணிவேர் ஒன்று, சில்லுகள் உறைந்தும் உருகியும் நகரும் மேலடுக்கைத் தாண்டி, நிலையான ஆழத்துக்கு இறங்கிச் செடியைப் பிடித்து நிறுத்துகிறது.

இதனால்தான் தொலைவிலிருந்து எடுத்த படத்தை வைத்து மெத்தைச் செடிக்குப் பெயர் சொல்வது ஆபத்தானது. வடிவத்தை இயற்பியல் வகுத்திருக்கிறது. வம்சத்தை இலையிலும் பூவிலும்தான் தேட வேண்டும்.

ஆல்ப்ஸின் இந்த உயரத்தில் இளஞ்சிவப்போ ஊதாவோ பூக்கும் தாழ்ந்த செடிகள் சில உண்டு. அவற்றுள் நான்கை இங்கே கருத வேண்டியிருந்தது. பூ இல்லாத காலத்தில் குழப்பும் ஐந்தாவது ஒன்றும் உண்டு.

இலையிலிருந்து தொடங்கினேன். மூன்று திண்டுகளிலும் இலைகள் ஊசிபோல் ஒடுங்கி, அதிகபட்சம் ஒரு சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருந்தன. திண்டின் ஓரத்தில் ஒரு கிளையை மட்டும் மெல்ல விலக்கிப் பார்த்தபோது, இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்று, அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து தண்டைத் தழுவியிருப்பது தெரிந்தது. லென்ஸின் கீழ் இலை விளிம்பில் குட்டையான, விறைப்பான மயிர்கள் வரிசையாக நின்றன; இலையின் பரப்பு மயிரின்றி வழவழப்பாக இருந்தது.

இந்த ஒரு பார்வையே மூன்று பெயர்களை விலக்கப் போதுமானது. ஆண்ட்ரோசேஸ் அல்பைனா உயரமான சிலிக்கேட் (சுண்ணாம்பற்ற) சரளைகளில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ பூக்கும், பார்ப்பதற்கு மிக நெருங்கிய செடி. ஆனால் அதன் இலைகள் எதிரடுக்கில் நிற்பதில்லை, சிறு ரோஜா வடிவக் கொத்துகளாக அமைந்திருக்கும். அவற்றின் மேலுள்ள மயிர்கள் நுனியில் கிளைத்து நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். சாக்சிஃபிராகா ஆப்போசிட்டிஃபோலியாவின் இலைகள் எதிரெதிரே நிற்பவை, விளிம்பில் மயிரும் உண்டு. ஆனால் அவை குட்டையாகவும் தடித்தும் நான்கு வரிசைகளாக நெருங்கியும் அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு நுண்துளை இருக்கும். அது கசியவிடும் சுண்ணாம்பு பெரும்பாலும் வெள்ளைப் புள்ளியாகப் படிந்திருக்கும். (பூக்கும் தாவரங்களில் மிகக் குளிர்ந்த வாழிடம் கொண்டதாக அறியப்பட்டது இச்சிற்றினமே. சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, 4,500 மீட்டருக்கு மேல் அது வளர்வதைத் தாவரவியலர் கிறிஸ்டியன் கோர்னர் 2011இல் பதிவுசெய்தார். இப்படிப்பட்ட செடியைக் கருதாமல் விடுவது எந்த ஆல்பைன் ஆய்விலும் பொருந்தாது.) பெட்ரோகாலிஸ் பைரெனைக்காவின் இலைகள் நுனியில் மூன்றாகப் பிளந்தவை, கடுகுக் குடும்பம் ஆதலால் இதழ்களும் நான்கே.

எஞ்சியவை இரண்டும் கார்னேஷன் குடும்பத்தைச் சேர்ந்தவை: சைலீன் அக்காலிஸ், செர்லேரியா செடாய்டிஸ். பழைய நூல்களில் மினுவார்ஷியா என்ற பேரினத்தின் கீழ் காணப்படும் இந்த இரண்டாவது செடி, பூவற்ற நிலையில் அனுபவமுள்ளவர்களையும் தயங்கவைக்கும். இரண்டும் எதிரிலை கொண்டவை, இரண்டும் பாசிபோன்ற பச்சைத் திண்டுகள், இரண்டும் ஒரே முகட்டில் அருகருகே வளர்பவை. செர்லேரியாவின் இலை சற்றுச் சதைப்பற்றுடனும் நுனி மழுங்கியும் இருக்கும். சைலீனின் இலை விறைப்பாகவும் கூர்மையாகவும் இருக்கும், விளிம்பு மயிர்களும் எடுப்பாகத் தெரியும். கையால் திண்டின் மேற்பரப்பை வருடினால் சைலீன் சுருக்கென்று குத்துவதுபோல் இருக்கும். பூத்துவிட்டால் குழப்பமே இல்லை. செர்லேரியாவின் பூக்கள் மஞ்சள்பச்சை நிறமானவை; பெரும்பாலும் அவற்றில் அல்லி இதழே இராது.

பூவின் அமைப்பு

முதல் திண்டின் ஒரு பூவை லென்ஸின் கீழ் வெளியிலிருந்து உள்ளாகப் பார்த்தது பின்வருமாறு. ஐந்து புல்லிகளும் இணைந்து ஒரு குழலாகியிருந்தன. குழலின் மேல் பத்து நரம்புகள் ஓடின. விளிம்பில் ஐந்து மழுங்கிய பற்கள், செம்மை ஏறியவை. குழலுக்குள்ளிருந்து ஐந்து அல்லி இதழ்கள் வெளிவந்து விரிந்தன. அவை ஒன்றோடொன்று இணையாதவை. ஒவ்வொன்றும் கீழே குறுகிய காம்புபோலவும் மேலே அகன்ற தகடாகவும் இருந்தது, தகட்டின் நுனியில் ஆழமற்ற ஒரு வெட்டு இருந்தது. தகடும் காம்பும் சேரும் இடத்தில், பூவின் தொண்டையில், இதழுக்கு இரண்டாகச் சிறு செதில்கள் நிமிர்ந்து நின்றன. பத்து மகரந்தத்தாள்கள், நடுவில் மூன்று சூல்தண்டுகள்.

இந்தத் தொகுப்பில் முடிவைத் தருபவை இரண்டு பண்புகள். இணைந்த புல்லிக்குழல், கார்னேஷன் குடும்பத்துக்குள் செர்லேரியா, அரனேரியா போன்ற தனித்த புல்லிகள் கொண்ட பேரினங்களை விலக்குகிறது. மூன்று சூல்தண்டுகள் டயாந்தஸ் பேரினத்தை விலக்கிச் சைலீனை நோக்கிக் காட்டுகின்றன, டயாந்தஸுக்கு இரண்டே. ஆண்ட்ரோசேஸாக இருந்திருந்தால் இதழ்கள் அடியில் குழலாக இணைந்து, தொண்டையில் ஒரு மஞ்சள் வளையம் தெரிந்திருக்கும், ஐந்து மகரந்தத்தாள்கள் அக்குழலுக்குள் மறைந்திருக்கும், சூல்தண்டு ஒன்றே. சாக்சிஃபிராகாவாக இருந்திருந்தால் நடுவில் இரண்டு அலகுகள் விரிந்ததுபோன்ற சூற்பை இருந்திருக்கும். படம் எடுப்பவர்கள் பூவை மேலிருந்து மட்டுமே எடுக்கிறார்கள். ஆனால் இனங்காண உதவுவது பக்கவாட்டில் எடுத்த, புல்லிக்குழல் தெரியும் ஒரே ஒரு படம்.

ஆக, மூன்று திண்டுகளும் சைலீன் அக்காலிஸ். 1753இல் லின்னேயஸ் இதைக் குக்குபாலஸ் பேரினத்தில் வைத்தார். 1762இல் தாவரவியலர் ஜாக்வின் சைலீனுக்கு மாற்றினார். ஆல்ப்ஸ், பிரனீஸ், கார்ப்பேதியன் மலைகள், ஸ்காட்லாந்தின் உயர்நிலங்கள், ஸ்காண்டினேவியா, ஐஸ்லாந்து, ஸ்வால்பார்ட், கிரீன்லாந்து, வட அமெரிக்காவின் ராக்கி மலைகள், அலாஸ்கா என இதன் பரவல் வட துருவத்தைச் சூழ்ந்து கிடக்கிறது. தெற்கே உயர்ந்த முகடுகளில் மட்டும் வாழும் இச்செடி ஆர்க்டிக் பகுதியில் கடல்மட்டம்வரை இறங்கிவிடுகிறது. உயரத்தையும் வட அகலாங்கையும் ஒன்றுக்கொன்று ஈடுசெய்யும் இத்தகைய பரவல், பனியுகத்துக்குப் பின் பின்வாங்கிய குளிர்நிலத் தாவரங்களுக்கே உரியது.

ஒரு திண்டின் தென்புறத்தில் பூக்கள் முதலில் மலர்ந்து, வடபுறம் பின்தங்குவதும் அங்கே காணக்கிடைத்தது. இச்செடி திசைகாட்டிச் செடி என்று பல நாடுகளில் அழைக்கப்படுவது இதனால்தான். இனங்காணலுக்கு இது உதவாது என்றாலும், திண்டின் வெப்பமே பூக்கும் நேரத்தை ஆள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான காட்சி இல்லை.

குறுகிய பொருளில் எது?

கடினமான பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆல்ப்ஸில் இச்சிற்றினத்துக்குள் இரண்டு வடிவங்கள் நெடுங்காலமாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. இத்தாலியத் தாவரவியலர் அல்லியோனி 1785இல் சைலீன் எக்ஸ்கேப்பா என்று விவரித்த சிறுவடிவத்தை, மத்திய ஐரோப்பாவின் கையேடுகள் சிலவற்றில் தனிச் சிற்றினமாகவும் சிலவற்றில் துணைச் சிற்றினமாகவும் காணலாம். வட அமெரிக்கத் தாவரத் தொகுப்பு இப்பிரிவினையை ஏற்பதில்லை. கையேடுகள் தரும் வேறுபாடுகள் இவை: குறுகிய பொருளிலான (எக்ஸ்கேப்பாவைச் சேர்க்காத) அக்காலிஸின் திண்டு தளர்வானது, பூ பெரியது, பூக்காம்பு தெளிவாகத் தெரிவது, புல்லிக்குழலின் அடி தட்டையாக முடிவது, முற்றிய கனி குழலைவிட்டு நன்றாக வெளியே நீள்வது. எக்ஸ்கேப்பாவின் திண்டு இறுகியது, பூ சிறியது, காம்பு இல்லாததுபோல் மிகக் குட்டையானது, குழலின் அடி காம்பை நோக்கி ஒடுங்குவது, கனி குழலைத் தாண்டுவது மிகக் குறைவு. இவற்றோடு ஒரு வாழிட விதியும் சேர்ந்தே வரும்: முன்னது சுண்ணாம்புப் பாறையில், பின்னது சுண்ணாம்பற்ற சிலிக்கேட் பாறையில்.

அந்த வாழிட விதியை நான் வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளிவைத்தேன். பாறையைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, பிறகு அந்தப் பெயர்களைக் கொண்டே அச்செடி இந்தப் பாறையில்தான் வளரும் என்று நிறுவுவது சுற்றிச்சுற்றி ஓரிடத்துக்கே வரும் வாதம். வாழிடம் ஒரு சான்றாக நிற்க வேண்டுமானால், செடியின் உறுப்புகளிலிருந்து வந்த முடிவு அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். பாறையும் செடியைப் போலவே சோதிக்கப்பட வேண்டும்.

உறுப்புகளில் முதலில் கண்ணில் படுவது பூவின் அளவு. முதல் திண்டின் பூக்கள் விரிந்த நிலையில் ஒரு சென்டிமீட்டரைத் தொட்டன. இரண்டாவதின் பூக்கள் அதைவிடத் தெளிவாகச் சிறியவை. ஆனால் இந்தச் சிற்றினத்தில் பூவின் அளவை அப்படியே நம்ப முடியாது. இங்கே சில செடிகள் இருபால் பூக்களையும், வேறு சில செடிகள் பெண் பூக்களை மட்டுமே தாங்குகின்றன. பெண் பூவில் மகரந்தத்தாள்கள் வளராமல் தொண்டைக்குள் சுருங்கிக் கிடக்கும்; அதன் இதழ்களும் இருபால் பூவின் இதழ்களைவிடச் சிறியவை. எனவே சுண்ணாம்புப் பாறையில் வளரும் ஒரு பெண் செடியும், சிலிக்கேட் பாறையில் வளரும் ஓர் எக்ஸ்கேப்பாவும் பூவின் அளவில் ஒன்றுபோலவே தோன்றலாம். பூவின் விட்டத்தை மட்டும் அளந்து எழுதப்பட்ட பதிவுகள் எத்தனையோ உண்டு. பால் குறிக்கப்படாத வரை அந்த அளவுக்குப் பொருளில்லை.

இரண்டாவது திண்டின் பூக்களைத் திறந்து பார்த்தபோது நீண்ட சூல்தண்டுகள் தொண்டைக்கு மேலே வெளிவந்து வளைந்திருந்தன. மகரந்தத்தாள்கள் குழலின் அடியில் வெளிறிய சிறு முளைகளாக மட்டுமே இருந்தன. அது பெண் செடி. ஆகவே அதன் பூ அளவைச் சான்றுகளிலிருந்து நீக்கினேன்.

முதல் திண்டிலும் ஒரு பொறி இருந்தது. அதன் பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பைகள் வெளிர்நிறமாக இருந்தன. ஒரு கிளையின் பூக்களில் மட்டும் கருஊதாப் பொடி அப்பியிருந்தது, இதழ்களிலும் அது சிந்தியிருந்தது. அது மகரந்தத்தின் இயல்பான நிறம் அன்று. மைக்ரோபோட்ரியம் என்னும் கரிப்பூட்டைப் பூஞ்சை மகரந்தப்பைக்குள் புகுந்து, மகரந்தத்துக்குப் பதிலாகத் தன் வித்துகளை நிரப்பி, பூவைத் தேடிவரும் பூச்சிகளின் வழியே அடுத்த செடிக்குப் பயணிக்கிறது. சைலீன் பேரினத்தில் இப்பூஞ்சை பெண் பூவிலும்கூட மகரந்தத்தாள்களை வளரச்செய்யும் ஆற்றல் உடையது. ஆகவே நோயுற்ற பூவைக் கொண்டு செடியின் பாலையும் தீர்மானிக்கக் கூடாது. நோயற்ற கிளைகளில் வெளிர்நிற மகரந்தம் உதிர்வதைக் கண்ட பிறகே முதல் திண்டை இருபால் செடி என்று குறித்தேன்.

எஞ்சிய பண்புகள் காம்பு, குழலின் அடி, கனி ஆகிய மூன்றுமே. முதல் திண்டில் பூக்காம்புகள் இலைகளுக்கு மேலே தெளிவாக எழுந்து, விரல்நுனியால் பற்றக்கூடிய நீளத்தில் இருந்தன. குழலின் அடி தட்டையாக வெட்டியதுபோல் முடிந்தது. இரண்டாவதில் பூக்கள் இலைகளின் நடுவே பதித்ததுபோல் உட்கார்ந்திருந்தன. குழல் கீழ்நோக்கி ஒடுங்கியது. காம்பு கனியாகும் காலத்தில் நீளக்கூடியது என்பதால், புதிதாக மலர்ந்த பூக்களை மட்டுமே இதற்குக் கணக்கில் கொண்டேன். கனிதான் மிக உறுதியான சான்று. ஜூலையில் அவ்வாண்டின் கனி இன்னும் முற்றியிருக்கவில்லை. ஆனால் திண்டுகளின் ஓரத்தில், பழைய இலைகளுக்கிடையே, முந்தைய ஆண்டின் உலர்ந்த கனிகள் சில உதிராமல் நின்றன. வைக்கோல் நிறத்தில், நுனி ஆறு பற்களாகப் பிளந்து விரிந்த அந்தக் கூடுகள் முதல் திண்டில் புல்லிக்குழலை விட்டு வெகுதூரம் வெளியே நின்றன; இரண்டாவதில் பற்கள் மட்டுமே குழலுக்கு வெளியே எட்டிப்பார்த்தன. உலர்ந்த பழைய கனிகளை யாரும் படமெடுப்பதில்லை. இந்த ஆய்வில் வேறெந்த உறுப்பும் அவற்றின் அளவுக்கு உறுதியாகப் பேசவில்லை.

இதன் அடிப்படையில் முதலாவதைக் குறுகிய பொருளில் அக்காலிஸ் என்றும் இரண்டாவதை எக்ஸ்கேப்பா என்றும் எழுதிவைத்தேன். மூன்றாவது திண்டு எதற்கும் முழுதாக இணங்கவில்லை. காம்பு குட்டை, ஆனால் குழலின் அடி தட்டை. பழைய கனி அதில் ஒன்றுமே இல்லை.

பாறையைச் சோதித்தல்

முதல் திண்டு இருந்த மினுங்கும் சிஸ்ட் பாறையைக் கண்ணால் பார்ப்பவர் யாரும் சிலிக்கேட் என்றே சொல்லுவர். மைக்கா படலங்கள் வெயிலில் பளபளக்க, அது ஆல்ப்ஸின் நடுமுதுகில் கிடக்கும் சாதாரணப் படலப்பாறைபோலவே தோன்றியது. பாறை வரைபடத்தின் நிறத்தையோ மேலோட்டமான தோற்றத்தையோ நம்பியிருந்தால், செடிக்கும் வாழிட விதிக்கும் முரண்பாடு என்று எழுத நேர்ந்திருக்கும்.

வேரடிக்கு அருகே கிடந்த சில்லு ஒன்றை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டபோது அது உடனே நுரைத்துப் பொங்கியது. கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம் கலந்த மைக்கா சிஸ்ட் அது. டவுவர்ன் மலைகளில் பரவலாகக் காணப்படும் பாறை. இங்கே ஒரு நுணுக்கத்தைக் குறிப்பிட வேண்டும். அதே சில்லின் வெளிமுகத்தில் விட்ட துளி அசையாமல் கிடந்தது, ஏனெனில் மழையும் பனிநீரும் வெளித்தோலிலிருந்த கால்சைட்டை எப்போதோ கரைத்துவிட்டிருந்தன. வெளிமுகத்தில் மட்டும் சோதித்து முடிவெழுதுபவர் தவறான விடையோடுதான் இறங்குவார். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறையான டோலமைட்டானால் இன்னும் கவனம் தேவை. குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் அது பொடியாக்கினால்தான் தெளிவாக நுரைக்கும். இரண்டாவது திண்டின் குவார்ட்சைட் உடைந்த முகத்திலும், பொடியிலும், நுரையின் அறிகுறியே காட்டவில்லை.

பாறைக்கு அடுத்த சாட்சி அண்டைத் தாவரங்கள். முதல் திண்டைச் சுற்றி எட்டு இதழ் வெண்பூக்கள் கொண்ட டிரையாஸ் ஆக்டோபெட்டலாவும், தைம் இலை அளவே இலையுள்ள குள்ள வில்லோவும், காற்றறையும் முகடுகளின் அடையாளமான கேரெக்ஸ் மயோசுராய்டிஸ் கோரையும் வளர்ந்திருந்தன. டிரையாஸ் சுண்ணாம்பை விரும்புவது. இரண்டாவதைச் சுற்றி வளைந்து பழுத்த நுனிகளுடன் கேரெக்ஸ் கர்வுலாவும், பிரிமுலா மினிமாவும், தரையில் படரும் கால்மியா புரோகம்பென்ஸும் இருந்தன. மூன்றும் அமிலத்தன்மையுள்ள மண்ணின் செடிகள். பாறையும் அண்டைச் செடிகளும் ஒரே விடையைச் சொன்னபோது, உறுப்புகளிலிருந்து முன்பே எழுதிய முடிவுக்குத் தனிச் சான்று கிடைத்தது. இப்படி இரண்டும் ஒத்துவராத இடங்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சுண்ணாம்புப் பாறையின் மேலேயே மக்கு தடித்து வளர்ந்தால், வேர் எட்டும் அடுக்கு முழுவதும் அமிலமாகிவிடும். அங்கே கால்மியா சுண்ணாம்பின் தலைமேல் செழிக்கும். எனவே வேர் தொடும் மண்ணே கணக்கு, அதன் கீழிருக்கும் மலை அன்று.

இரண்டு வாழிடங்களுக்கும் பொதுவான ஒன்று காற்று. குளிர்காலப் பனி இம்முகட்டு விளிம்பில் தங்குவதில்லை, காற்று அதைப் பள்ளத்துக்கு அடித்துச்செல்கிறது. பனிப்போர்வை இல்லாத செடி கடுங்குளிரையும், உறைந்த மண்ணிலிருந்து நீர் எடுக்க முடியாத வறட்சியையும், பனித்துகள் உரசலையும் வெறும் உடலோடு தாங்க வேண்டும். அதற்கு ஈடாக அதற்குக் கிடைப்பது நீண்ட வளர்பருவம். பள்ளத்தில் பனி ஜூலைவரை கிடக்கும்போதே முகட்டுச் செடி பூத்துவிடும். சில அடிகள் கீழே, பனி தேங்கும் குழியில், இச்செடி ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது திண்டின் அடியில் இரு பாறைகளின் சில்லுகளும் கிடந்தன. ஒன்று நுரைத்தது, மற்றொன்று நுரைக்கவில்லை. அண்டையில் டிரையாஸும் இருந்தது, கேரெக்ஸ் கர்வுலாவும் இருந்தது.

பதிவில் எழுதியது

மூன்றாவது திண்டைப் பரந்த பொருளில் (இரு வடிவங்களையும் உள்ளடக்கிய) சைலீன் அக்காலிஸ் என்று மட்டுமே பதிவுசெய்தேன். இரண்டு வடிவங்களும் ஓரிடத்தில் சந்திக்கும்போது இடைப்பட்ட செடிகள் தோன்றுவது எதிர்பார்க்கத்தக்கதே. அதைப் பலவந்தமாக ஒரு பெட்டிக்குள் தள்ளினால், இவ்விரண்டும் உண்மையில் தனித்தனியானவையா என்ற கேள்விக்கு விடைதரக்கூடிய செடியைப் பதிவேட்டிலிருந்து நாமே அழித்துவிடுகிறோம். முதலிரண்டிற்கும் துணைச் சிற்றினப் பெயரைக் கொடுத்து, ஒவ்வொன்றுடனும் திண்டின் பால், புதுப்பூவின் காம்பு நீளம், குழலின் பக்கவாட்டுப் படம், பழைய கனியின் படம், உடைந்த முகத்தில் அமிலம் காட்டிய விடை, அண்டைத் தாவரங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பெயர்ப்பட்டியல்கள் நாளை மாறலாம். இத்தகவல்கள் இருந்தால் பதிவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி படித்துப் புதிய பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனை கவலைப்படுவதற்கு ஒரு காரணம் இச்செடியின் ஆயுள். அலாஸ்காவின் ராங்கல் மலைகளில் வளர்ச்சி விகிதத்தை அளந்து வில்லியம் மாரிஸும் டேனியல் டோக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மிகப் பெரிய திண்டுகள் 300 ஆண்டுகளைத் தாண்டியவையாக இருக்கலாம் என்று கணித்தது. அதே இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பரவலின் தென்னெல்லையில் உள்ள கூட்டங்களில் செடிகளின் பிழைப்பும் புதுச்செடிகளின் வரவும் குறைந்திருந்தாலும், தனிச்செடிகளின் வேகமான வளர்ச்சி அந்த இழப்பை ஈடுகட்டி வந்தது தெரிந்தது; வெப்பம் மேலும் ஏறினால் அந்த ஈடு நீடிக்காது என்றும் அவர்கள் எச்சரித்தனர். இவ்வளவு நீண்ட வாழ்நாள் கொண்ட செடியில், முகட்டில் பச்சைத் திண்டுகள் நிறைந்திருப்பது மட்டுமே அந்தக் கூட்டம் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. வயதான திண்டுகள் நூறாண்டுக்கு முன் முளைத்தவையாக இருக்கலாம். இன்றைய கோடைகளில் முளைப்பவை எத்தனை என்பது வேறு கேள்வி. ஆகவே மூன்று திண்டுகளையும் சுற்றி, சில்லுகளுக்கிடையே ஒரு நகத்தின் அகலமே உள்ள நாற்றுகளையும் தேடினேன். முதல் திண்டின் காற்று மறைவுப் பக்கத்தில் சில இருந்தன. குவார்ட்சைட் இடுக்கில் ஒன்றும் தென்படவில்லை. ஒரே முகட்டின் இரண்டு மூலைகளைக் கொண்டு இதற்குமேல் எதையும் சொல்வது பொருந்தாது. நாற்றுகளின் இருப்பும் இன்மையும் அதே படிவத்தில், பாறைக்கு அடுத்த வரியில் எழுதப்பட்டுள்ளன.

மூன்றாவது திண்டுக்கு மட்டும் வேலை மிச்சமிருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் அதன் கனி முற்றும்போது குழலுக்கு வெளியே எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வேண்டும். அதுவரை அதன் பதிவில் துணைச் சிற்றினத்துக்கான இடம் வெற்றாகவே இருக்கும்.